ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான்

“ஊத்தாதீங்க, சாமி.”

பாதிரியார் கையிலிருந்த கிண்ணம் குழந்தையின் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. ஜெபக் கொட்டகையில் இருந்த நாற்பது பேரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

வாசலில் நின்றவள் ராக்காயி. அந்த மலாயா ரப்பர் தோட்டத்து மருத்துவச்சி. நெற்றி நிறைய விபூதி. மாரியம்மன் திருவிழாவில் முதல் ஆளாகத் தீச்சட்டி எடுக்கிறவள். அவளுக்கு இங்கே என்ன வேலை?

உபதேசியார் பரஞ்சோதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதிரியார் வராத நாட்களில் தோட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு எல்லாமே அவர்தான். அந்த நினைப்பு அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

“ராக்காயி, வெளிய போ. ஒன்றரை வருஷம் கழிச்சு சாமி சுங்கைப் பட்டாணியிலேருந்து வந்திருக்காங்க. இது எங்க கோயில்.”

பாதிரியார் வந்தது சைக்கிளில். ரப்பர் விளைகிற ஊரில் சைக்கிளுக்கு டயர் இல்லை. சப்பான்காரன் ஆட்சி அப்படி. தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றி ஓட்டி வந்திருந்தார்.

குழந்தையின் தாய் நவமணியின் முகம் வெளுத்துப்போனது. சயாமில் ரயில் பாதை போட அவள் புருஷனைப் பிடித்துப் போனபோது இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது. “ஞானஸ்நானம் குடுத்துடு” என்று லோரியிலிருந்து அவன் கத்தியதுதான் கடைசிப் பேச்சு. பிள்ளை பிறந்து ஐந்து மாதம் காத்திருந்து, இன்றுதான் அதற்கு வேளை வந்திருக்கிறது.

“ஏன்க்கா தடுக்கிற?” என்றாள் நவமணி.

“தடுக்கலம்மா. இதுக்கு ஏற்கெனவே ஊத்தியாச்சு.”

“யாரு ஊத்துனது?”

“நான்தான்.”

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. ராக்காயி பாதிரியாரைப் பார்த்தே பேசினாள்.

“பெத்ததும் இவ மயங்கிட்டா, சாமி. பிள்ள நீலமாக் கெடந்துச்சு. மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. தண்ணி ஊத்திடணும், ஊத்திடணும்னு வலியிலயும் இவ அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தா. பிள்ள போயிருச்சுன்னா கண்ணு முழிச்சுக் கேப்பாளே, நான் என்ன சொல்றது? ஊத்திட்டேன். அப்புறம் பொழைச்சுக்கிச்சு.”

பரஞ்சோதி குறுக்கே வந்தார். “விபூதி பூசுன கை ஊத்துனா அது ஞானஸ்நானமா? குளிப்பாட்டுன மாதிரிதான். நீங்க ஊத்துங்க, சாமி.”

பாதிரியார் ஊற்றவில்லை.

“என்ன சொல்லி ஊத்துனீங்கம்மா?”

ராக்காயி கண்ணை மூடிக்கொண்டாள். “பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.”

ஒரு சொல் பிசகவில்லை.

“பேரு?”

“பேரு தெரியல, சாமி. நவமணி மகளேன்னு கூப்பிட்டேன்.”

“இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?”

“சாகப்போற ரெண்டு பிள்ளைங்களுக்கு உபதேசியார் ஐயா ஊத்துனப்ப நான்தான் பிள்ளையப் பிடிச்சிருந்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவதான், ரெண்டாந்தடவ ஊத்துனா பாவம்னு அவருதான் சொன்னாரு. இவ பாவத்துல விழக்கூடாதுன்னுதான் இன்னைக்கு வாயத் தொறந்தேன்.”

“ஊத்துறப்ப மனசுல என்ன நெனைச்சீங்க?”

“எனக்கு என்ன தெரியும், சாமி? உங்க கோயில்ல என்ன செய்வீங்களோ, அது இந்தப் பிள்ளைக்கும் ஆகட்டும்னு நெனைச்சேன்.”

பாதிரியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் ஊத்த முடியாது. ஆபத்துல யாரு ஊத்துனாலும் அது ஞானஸ்நானம்தான். இந்தப் பிள்ளை பொறந்த அன்னைக்கே நம்ம பிள்ளையாயிருச்சு.”

நவமணிக்கு அழுகை வந்துவிட்டது. “அஞ்சு மாசமா பயந்து செத்தேனே. ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“என் கை பட்டுச்சுன்னு தெரிஞ்சா உன் மனசு கோணுமோன்னு இருந்துட்டேன்மா.”

நவமணி எழுந்துபோய்க் குழந்தையை அவள் கையில் கொடுத்தாள்.

பரஞ்சோதிக்கு ஆறவில்லை. “ரெண்டு வாசல் தள்ளித்தான் என் வீடு. முறையாச் செய்ய நான் இருக்கேன்ல? என்னை ஏன் கூப்பிடல?”

ராக்காயி அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலை குனிந்துகொண்டாள்.

“அன்னைக்கு ஆள் பிடிக்க ரெண்டாவது லோரி வந்த நாளு, சாமி. ஆம்பளைங்க அத்தன பேரும் காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. ஐயாவும் போயிருப்பாரு. நான் தேடல.”

பாதிரியார் பதிவேட்டைத் திறந்தார். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் ராக்காயி என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்காகப் பேனாவைப் பரஞ்சோதியிடம் நீட்டினார்.

கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். தெரிந்தவள் ஒருத்திதான். அவளும் வாயை மூடிக்கொண்டுவிட்டாள்.

பரஞ்சோதி பேனாவை வாங்கவில்லை.

“நான் காட்டுக்குப் போகல, சாமி. வீட்டுக்குள்ளதான் கட்டிலுக்கு அடியில படுத்திருந்தேன். பிள்ள சாகுது, வாங்கய்யான்னு இவ மூணு தடவ கதவத் தட்டுனா. நான் தொறக்கல.”