சுவரில் மாட்டிய படம்

ஸ்டூடியோக்காரர் கனகசபையின் மனைவி வடிவு, ஆயுத பூசைக்காக ரெண்டு கேமராவையும் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரே பலகையில் உட்கார வைத்தாள். வருசம் முழுக்க பீரோவுக்குள் கிடந்த பிலிம் கேமராவுக்கு, பக்கத்தில் புது டிஜிட்டல் கேமராவைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. மாலைகூட அதற்குத்தான் பெரிசு.

"கல்யாணம், காதுகுத்துன்னு ஊரெல்லாம் சுத்துற. உனக்கென்னடி குறைச்சல்?" என்றது பழசு.

"போங்கக்கா. ஒரு படம் சரியா வரலைன்னா போதும், 'பழைய கேமரா மாதிரி வருமா'ன்னு முதலாளி என்னைத் திட்டுறார். வர்றவங்களுக்கெல்லாம் அந்தச் சுவத்துப் படத்தைத்தான் காட்டுறார். எனக்குப் பத்திக்கிட்டு வருது."

பழசுக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆசையாகச் சுவரை நிமிர்ந்து பார்த்தது. அங்கே முதலாளியின் மகள் முதல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பழசின் முகம் வாடிவிட்டது. அது இந்த ஸ்டூடியோவுக்கு வந்தபோதே அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். படத்தை எடுத்தது அதற்கும் முன்னால் இருந்த கேமரா. அதை விற்றுவிட்டுத்தான் முதலாளி இதை வாங்கினார். கண்ணால்கூடப் பார்த்திராத அந்த மூத்த கேமராமேல் இப்போது பழசுக்கு ஆத்திரமாக வந்தது.

"அந்தப் படத்தை எப்படிக்கா எடுத்தீங்க?" என்று புதுசு கேட்டது.

பழசு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அன்னைக்கு வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான்" என்று ஆரம்பித்தது.