பதினாறில் ஒரு பங்கு

பொத்தானை அழுத்தியதும் அவள் கண் கேமராவின் பின்புறத்துக்கு இறங்கியது.

கறுப்புத் தோல்.

பத்து வருடப் பழக்கம். கல்யாண மண்டபங்களில் ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் கண் தானாகப் போகும் இடம். இந்தக் கேமராவில் அங்கே திரை இல்லை.

அடுத்த கிளிக்குக்கும் கண் அங்கேயே போனது.

எதிரே சாய்வு நாற்காலியில் அவள் தங்கை முத்தரசி. வெற்று நெஞ்சில் குழந்தை. மேலே ஒரு துணி, துணிக்கு மேல் முத்தரசியின் கை.

தொள்ளாயிரத்து நாற்பது கிராம். பிறந்து இருபத்து மூன்று நாள். கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்தது இன்றுதான். பெயர் வைக்கவில்லை. காலில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப் முத்தரசி' என்று எழுதியிருந்தது.

நாளைக் காலை இதயத்தில் அறுவை. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நெஞ்சில் வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

முத்தரசி கேட்டது ஒரு படம். பிள்ளை தன் நெஞ்சில் இருந்தாள் என்பதற்கு ஒரு சாட்சி.

அந்த வார்டுக்குள் போன் கூடாது. டிஜிட்டல் கேமராவும் கூடாது. அதனால்தான் கல்லூரி நாளில் வாங்கிய ஃபிலிம் கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். சிஸ்டர் ஜெனிட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பேட்டரி இருக்கும் இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"அப்போ இது மெஷின் இல்லல்லா. வெறும் பெட்டி. கொண்டு போங்க."

ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்தாள். டிரைபாடையும் துடைத்தாள். வைத்த இடத்தை விட்டு அசைக்கக் கூடாது என்றாள்.

ஜன்னலில் நீலத் திரை. இந்த மாதிரி வெளிச்சத்துக்கு ஷட்டர் வேகமும் லென்ஸ் திறப்பும் வழக்கமாக என்ன வைப்பாளோ, அதையே விரல்கள் வைத்தன.

முதல் கிளிக் முடிந்து ஃபிலிமை நகர்த்த லீவரை இழுத்தபோது அது இறுகியது. அவசரத்தில் பலமாக இழுத்துவிட்டாள். உள்ளே ஏதோ சரக்கென்றது. அதற்குப் பிறகு லீவர் எண்ணெய் போட்டதுபோல ஓடியது.

இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைகள் தூக்கத்தில் மூச்சுவிட மறந்துவிடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். மானிட்டர் கத்தும். உள்ளங்காலில் சுண்டினால் நினைவு வந்துவிடும்.

முத்தரசி அசையவில்லை. கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் மானிட்டர் கத்தவில்லை.

பதினாறு கிளிக்.

குழந்தை பெட்டிக்குள் திரும்பிப் போனது. வராந்தாவில் நின்று ஃபிலிமைத் திரும்பச் சுற்றினாள். நாலைந்து சுற்றிலேயே கை லேசாகிவிட்டது.

வார்டுக்குள் போகுமுன் வாசல் மரத்தடியில் சோதனைக்கு எடுத்த மூன்று. உள்ளே பதினாறு. அத்தனை ஓடிய சுருளுக்கு இந்தச் சுற்று போதாது.

அப்படியே நின்றாள்.

ஃபிலிமை இழுத்து நகர்த்தும் ஓரத்துத் துளைகள் கிழிந்திருக்கின்றன. லீவர் வெறுமனே ஓடியிருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் இடப்பக்கக் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாளே கற்றுக்கொண்ட பாடம். அவளோ பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறு படமும் ஃபிலிமின் ஒரே சட்டத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. அவ்வளவு வெளிச்சம் குடித்த ஃபிலிம் கரிக்கட்டையாகத்தான் இருக்கும்.

எத்தனை எடுத்தாய் என்று தங்கை கேட்டாள்.

பதினாறு என்றாள். பொய் இல்லை.

சாயங்காலம் வீட்டுக் குளியலறைக் கதவின் இடுக்கில் துண்டைச் செருகினாள். இருட்டில் ஃபிலிமை டேங்குக்குள் விட்டாள். கெமிக்கலை ஊற்றினாள். நிமிடங்களை எண்ணினாள். கழுவினாள். விளக்கைப் போட்டாள்.

மரத்தடியில் எடுத்த மூன்று சட்டமும் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தன. மரத்தின் நிழல்கூட விழவில்லை.

நாலாவதில் முத்தரசி இருந்தாள்.

முழுதாக. நாற்காலியின் கைப்பிடி. அவள் தாடை. குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி.

ஃபிலிம் வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்தாள். ஓரத்தில், ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகம் நூறு என்று போட்டிருந்தது.

அவளுடையது ஆயிரத்து அறுநூறுக்குப் பழகிய கை. டிஜிட்டலில் அந்த எண்ணை விரல் நுனியில் மாற்றிக்கொள்ளலாம். ஃபிலிமுக்கு அது பிறவிக்குணம். ஒவ்வொரு கிளிக்கிலும் அதற்குக் கிடைத்தது, வேண்டிய வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கு.

பதினாறு முறை.

மறுபடி கணக்குப் போட்டாள். அதே விடை.

ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

முதல் கிளிக்கின் வெளிச்சம் பதினாறாவது வரும்வரை அங்கேயே இருந்திருக்கிறது.

பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தாள். நாற்காலி கூர்மை. முகம் கூர்மை. முத்தரசியின் முழங்கை கூர்மை. குழந்தையின் முதுகில் இருந்த விரல்களின் ஓரம் மட்டும் ஒரே கோடாக இல்லை. மயிரிழை மயிரிழையாகப் பல கோடுகள். கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே.

போன் அடித்தது. வார்டு வாசலிலிருந்து முத்தரசி.

"படம் வந்துட்டா? பாப்பா தெளிவா விழுந்திருக்காளாக்கா?"

"நீ தெளிவா இருக்க. ஒன் கைக்குக் கீழ அவ மட்டும் லேசாக் கலங்கி இருக்கா."

லென்ஸை மறுபடி அந்த விரல்களுக்குக் கொண்டுபோனாள்.

"அது மூச்சு, முத்து. ஒரு தடவகூட மறக்கல."