ஒரு நாள் குறைத்த பிறை

“இந்த நிலாவ மட்டும் ஒரு நாள் கொறச்சுக் குடுக்க முடியுமாண்ணா?”

போனை மேசைமேல் வைத்துவிட்டு ஷோபனா கேட்டாள்.

வேலப்பன்சாவடியில் நான் ஆல்பம் கடை வைத்த நாளிலிருந்து நிலாவைப் பெரிசாக்கித் தரச் சொல்லித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கல்யாண ஜோடிக்குப் பின்னால் தாம்பாளம் அளவுக்கு ஒரு பௌர்ணமி வேண்டும். வைத்துக் கொடுத்துவிட்டு, என் கடையில் செய்தது என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடுவேன். குறைத்துக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

படத்தைத் திறந்தேன்.

நூம்பலில் ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. தை மாதத்திலும் மழைத்தண்ணீர் வற்றாத காலி மனைகள், நாலு பனைமரம், பாதி எழும்பிய அடுக்குமாடி, குறுக்கே மின்கம்பி. மேற்கு வானத்தில் ஒரு பிறை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனின் முதுகு.

அது அவள் கணவன் டில்லிபாபு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. இந்தப் படம் எடுத்த மறுநாள் காலையில், வேலைக்குப் போகிற வழியில், பைபாஸில் லாரி மோதி இறந்துபோனான்.

சாவு வீட்டில் இவள் போன் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இது மூன்றாம் பிறை இல்லை, நாலாம் பிறை என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது. மூன்றாம் பிறையைத் தேடிப்போய்ப் பார்ப்பார்கள், நல்லது நடக்கும் என்று. நாலாம் பிறை கண்ணில் பட்டால் கெட்டது வந்து சேரும் என்பார்கள்.

படம் எடுத்த அன்றைய காலண்டர் தாளில் மாலை வரைக்கும் வளர்பிறை மூன்றாம் நாள், அதற்குமேல் நாலாம் நாள் என்று போட்டிருந்ததாம். காலண்டரை வைத்து எதையும் சாதிக்க முடியாது. நிலாதான் சாட்சி சொல்ல வேண்டும்.

யாருக்குக் காட்டப் போகிறாய் என்று கேட்டேன். அத்தைக்கு என்றாள். டில்லிபாபுவின் அம்மா, வேம்புலியம்மாள். இன்னும் படத்தைப் பார்க்கவில்லையாம், காதில் விழுந்ததோடு சரி.

எனக்கு விளங்கிவிட்டது. படம் எடுத்தவள் இவள். என் பிள்ளையை முழுங்கிவிட்டாயே என்று அந்தம்மாள் இவளைக் குதறிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. எவர் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத ஒரு நிலாவை வைத்துக் கொடுப்பது என்று உட்கார்ந்தேன்.

பழைய நிலாவை அழித்தேன். அது இருந்த இடத்தில் வானத்தை நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மேலே நீலம், கீழே வரவர செங்கல் நிறம். எங்கே மாறுகிறது என்று தெரியக் கூடாது.

நெட்டில் கிடைக்கிற பிறைகள் பாதிக்குமேல் குளிர் தேசங்களில் எடுத்தவை, நிமிர்ந்து நிற்கும். நம் ஊரில் இந்த மாதத்துப் பிறை கிண்ணம்போல மல்லாந்திருக்கும். சாய்த்தேன். ஒரு நாள் முந்தைய பிறை இன்னும் மெலிசு, இன்னும் தாழ்வு. பனைமரத்துக்குப் பக்கத்தில் இறக்கினேன்.

பிறையின் இருட்டுப் பக்கம் சுற்றியுள்ள வானத்தைவிடக் கறுத்திருந்தால் ஒட்டுவேலை என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அங்கே வானத்தின் நிறமே வந்தாக வேண்டும். பனையோலை நுனி எவ்வளவு மங்கலோ அவ்வளவு மங்கல் நிலாவுக்கும் கொடுத்தேன். மின்கம்பியை அதன் முன்னால் ஓடவிட்டேன்.

முடிந்தது என்று நினைத்தபோதுதான் பார்த்தேன். காலி மனைத் தண்ணீரில் பழைய நிலாவின் நிழல் தடிமனாகக் கிடந்தது. நல்லவேளை. அதையும் மாற்றினேன்.

ஷோபனா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். நிலாவைப் பார்த்தாளா, முதுகைப் பார்த்தாளா, தெரியவில்லை. பிறகு தலையாட்டினாள்.

இதற்கு மேலும் அந்தம்மாள் உன்னை ஒரு வார்த்தை பேசினால் என்னிடம் கூட்டி வா, நான் கேட்கிறேன் என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

அத்தை தன்னை ஒன்றுமே சொல்லவில்லை என்றாள். மாதாமாதம் மகனை மாடிக்குக் கூப்பிட்டு மூன்றாம் பிறை காட்டுவது அத்தைதானாம். அன்றைக்கும், வேலை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போனது அத்தைதான். இவள் பின்னாலேயே போய்ப் படம் எடுத்திருக்கிறாள். சொந்தக்காரர் அப்படிச் சொன்னதிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்கிறாளாம்.

முகம் தெரியாத ஒருத்தியை மனசுக்குள் அவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

புதுப் படத்தை அவள் போனுக்கு அனுப்பினேன். பழையது எங்கே என்று தேடி எடுத்தவள், இதை அழித்துவிடுங்கள், எனக்குக் கை வரவில்லை என்று போனை என் பக்கம் தள்ளினாள்.

அது இருக்கட்டும் என்றேன். அத்தைக்குப் புதுசைக் காட்டு, அவன் கடைசியாகப் பார்த்த நிலா இதுதானே, இதை நீ பத்திரமாக வைத்துக்கொள் என்றேன்.

“வேணாண்ணா. அது போன்ல கீற வரிக்கும், ‘ஏன் இட்டுகினு போயி காட்டுன’ன்னு என்னிக்காவது ஒரு நாளு நானே அத்தையக் கேட்டுடுவேன்.”