கடைக்குள் ஒரு கடல்

டிவி கடை ஒன்றில் புது ப்ளூ-ரே பிளேயர் ஒன்றும், அதில் போடுகிற கடல் படத்து டிஸ்க் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

வந்தவர்கள் பிளேயரைத் தடவிப் பார்த்து, "டிஸ்க் நிறைய வரட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார்கள். டிஸ்க்கை எடுத்துப் பார்த்தவர்கள், "இதைப் போட்டுப் பார்க்கப் பிளேயர் வேணுமே" என்று வைத்துவிட்டார்கள்.

"உன்னாலதான் என்னை யாரும் வாங்கல" என்றது டிஸ்க்.

"நானும் உன்னை அப்படித்தான் நினைச்சேன். சொன்னா வருத்தப்படுவியேன்னு சொல்லல" என்றது பிளேயர்.

கடைக்காரர் ஒருநாள் டிஸ்க்கைப் பிளேயருக்குள் போட்டு, பெரிய டிவியில் கடலை ஓடவிட்டார். மீனின் செதில்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. பார்த்துவிட்டு டிவியை வாங்கிக்கொண்டு போனது. அதே இடத்தில் அடுத்த டிவி வந்தது. கடல் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு பெண் வந்தாள். "அந்த டிஸ்க்கைக் குடுங்க. பிளேயர் விலை குறைஞ்சதும் வாங்கிக்கறேன்."

கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். டிஸ்க் வெளியே வரவில்லை. மறுபடி அழுத்தினார், லேசாகத் தட்டினார்.

"சிக்கிக்கிச்சும்மா" என்றார். அவள் போய்விட்டாள்.

"சத்தியமா நான் உன்னைப் பிடிச்சு வைக்கல. வெளியே போக உனக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா?" என்றது பிளேயர்.

"நீ பிடிக்கல" என்றது டிஸ்க். "நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."