சின்னக் கோப்பை

லண்டன் எட்மண்டன் வீட்டுச் சமையலறையில் புட்டின் ஆவி யன்னல் கண்ணாடியில் படிந்து, தெருவில் போகும் பஸ்ஸின் சிவப்பைக் கலங்கலாக்குகிறது. மகளின் எடை வயதுக்குக் கூடுதல் என்று பள்ளிக்கூடத் தாதி சொன்னதிலிருந்து சிவரூபினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காராமல் நிற்கிறாள், கையிலிருக்கும் அகப்பை சட்டி விளிம்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. மகள் ஜதுர்ஷிகாவுக்கு முன்னால் இன்று வாங்கிய சின்னச் சாப்பாட்டுக் கோப்பை, உள்ளங்கை அகலத் தட்டு. அதில் கொஞ்சப் புட்டே விளிம்புவரை நிறைந்து தெரிகிறது. அப்பா குகதாசனின் அகன்ற கோப்பையில் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தும் ஓரமெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது. பிள்ளை இரண்டையும் மாறிமாறிப் பார்க்கிறாள். கை புட்டைத் தொடவில்லை. “ஏனம்மா எனக்கு மட்டும் சின்னன்?” “கோப்பை சின்னனெண்டா கண்ணுக்கு நிறையத் தெரியும், குஞ்சு. கண் நிறைஞ்சா வயிறும் கெதியா நிறையும்.” “அப்ப அப்பான்ர கண்?” குகதாசன் சிரிக்கத் தொடங்கி, மேசையில் முட்டும் தன் வயிற்றைப் பார்த்து நிறுத்துகிறார். பிள்ளையின் கீழுதடு துடிக்கிறது. “எனக்கும் அப்பிடி ஒண்டு தாரும்” என்று அவர் தன் கோப்பையை நீட்டுகிறார். சிவரூபினி அலுமாரியைத் திறந்து, கிண்ணங்களைச் சத்தத்தோடு விலக்கி, பின்வரிசைவரை கைவிட்டுத் துழாவுகிறாள். ஒன்றைத்தான் வாங்கிவந்தோம் என்று தெரிந்துகொண்டே தேடுகிறாள்.