முடியாதக்கா

"என்னைப் பார்த்தா வாசல்ல நிறுத்தி வைக்கிற பொம்மை மாதிரி இருக்கா சார் உங்களுக்கு?"

மேனேஜர் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை அவள். திரைச்சீலை தைக்கும் அந்தக் கம்பெனியில் தையல் ஹாலுக்கு அவள்தான் சூப்பர்வைசர். ஆட்கள் வைத்த பெயர் ‘முடியாதக்கா’. லீவு கேட்டாலும் முடியாது, கொஞ்சம் முன்னால் கிளம்பட்டுமா என்று கேட்டாலும் முடியாது.

"உட்காருங்கம்மா."

"அதான் ஆர்டர் கவுன்ட்டர்ல உட்காரச் சொல்லிட்டீங்களே! அங்க இருந்த பொண்ணை என் ஹாலுக்கு அனுப்பிட்டீங்களே!"

அந்தப் பெண்ணுக்கும் ஒரு பெயர் உண்டு. ‘சரிங்க’. வருகிறவர் எந்தத் தேதி கேட்டாலும் சிரித்த முகமாகத் தலையாட்டிவிடும்.

"அது வாயில ஈ போனாக்கூட சரிங்கன்னுதான் சொல்லும். ஒரே வாரத்துல மிஷின்ல சிலந்தி கூடு கட்டும், பாருங்க!"

"ஒரு வாரம் பார்ப்போமே."

பல்லைக் கடித்துக்கொண்டு கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் நாயாய் உழைத்ததற்கு நல்ல மரியாதை!

கொஞ்ச நேரத்தில் ஒரு விடுதிக்காரர் வந்தார். வழக்கமாக வருகிறவர்.

"புது கட்டடத்துக்கு கர்ட்டன். எல்லா ரூமுக்கும் வெள்ளிக்கிழமை வந்துடணும்."

"முடியாது."

"என்னது?"

"முடியாதுன்னேன். அடுத்த புதன்கிழமை."

"போன தடவை இருந்த பொண்ணு உடனே சரின்னு சொல்லிச்சே!"

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"அது சொல்லிட்டுச் சிரிச்சிட்டு இருந்துச்சு. தைச்சது யாரு? என் ஆளுங்க! ஞாயித்துக்கிழமைகூட வீட்டுக்குப் போக விடாம அவங்களைப் பிடிச்சு உட்கார வச்சது நானு. நல்ல பேரு அதுக்கு, சாபம் எனக்கு!"

"மேனேஜரைக் கூப்பிடு."

"தாராளமா கூப்பிடுங்க!"

போனால் வேலைதானே, போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டாள். மேனேஜர் வந்தார்.

"இங்க தேதி குடுக்கிறது அவங்கதான் சார். அவங்க சொன்னா சொன்னதுதான்."

விடுதிக்காரரின் குரல் இறங்கிவிட்டது. "சரி, புதனே குடுங்க. திறப்பு விழா அதுக்கப்புறம்தான். எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான் முன்னாடியே கேட்டேன்."

"எதுக்கும் இருக்கட்டுமேவா? போன தடவையும் அதுக்காகவா சார் என் ஆளுங்க தூக்கத்தை விட்டாங்க?"

அவர் முன்பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

"பார்த்தீங்களா?" என்றார் மேனேஜர். "இதே ‘முடியாது’ங்கிறதை நீங்க உள்ளே சொன்னப்ப, ஆளுங்க கண்ணைத் துடைச்சிட்டு மிஷின்ல உட்கார்ந்தாங்க. வெளியே சொன்னீங்க, இன்னிக்கு எல்லாரும் நேரத்தோட வீட்டுக்குப் போவாங்க. உள்ளே லீவு கேட்டா அந்தப் பொண்ணு சரிங்கன்னு சொல்லும். ரெண்டு பேருமே நல்ல ஆளுங்கதான். நான்தான் இடம் மாத்தி வச்சிருந்தேன்."

"சும்மா பூசி மெழுகாதீங்க சார்!" அவள் மேஜையைத் தட்டினாள். "எனக்குத் தெரியாதா? என்னை அவங்களுக்கு ஆகாது. ஹால்ல எல்லாரும் சேர்ந்து கேட்டுத்தானே என்னை இங்க தூக்கிப் போட்டீங்க?"

மேனேஜர் தயங்கினார். "ஆமாம்மா. அவங்க கேட்டுத்தான்."

தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அவர் வாயால் கேட்டபோது நெஞ்சு எரிந்தது. "நன்றி கெட்ட ஜனங்க!"

"நீங்க முந்தாநாள் லீவுல இருந்தீங்க இல்லையா, அன்னிக்கு ஹால்ல எல்லாரையும் கூப்பிட்டேன். கண்ட தேதிக்கெல்லாம் ஒத்துக்கிட்டது என் தப்புதான்னு சொன்னேன். இனிமே கவுன்ட்டர்ல யாரைப் போடலாம்னு கேட்டேன்."

அவள் முறைத்துக்கொண்டு நின்றாள்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னு கெஞ்சியும் நீங்க லீவு குடுக்கலையே ஒருத்திக்கு, அவதாம்மா முதல்ல எழுந்தா. ‘எங்களுக்காகச் சண்டை போட அக்காவை விட்டா வேற யாரு இருக்காங்க’ன்னு கேட்டா."