புதிதாய் நடுகிறவர்களின் பிழைகள்

மில்லிக்கன் நகர்ப்பகுதியில் இருந்த வீட்டின் பின்வளவில் மகன் துஷாந்த் நான்கு கஞ்சா நாற்றுகளை நட்டிருந்தான். குடிவந்த நாட்டுச் சட்டம் வீட்டுக்கு நான்கு செடி வரை விட்டாலும் தகப்பன் விநாயகமூர்த்தியின் மனம் விடவில்லை.

தானும் கஞ்சா வளர்க்கும் பக்கத்து வீட்டு ஜெயந்தனிடம் போனார்.

"தம்பி, உந்தக் கஞ்சாவைப் புதுசா நடுற ஆக்கள் என்ன பிழை விடுறவை?"

"தண்ணியை அள்ளி ஊத்துவினம் அங்கிள். பசளையைக் கொட்டுவினம். இரவுக் குளிருக்கு மூடாமல் விடுவினம்."

வீட்டுக்கு வந்து அத்தனை பிழையையும் ஒன்றுவிடாமல் செய்தார். அந்தக் கிழமையே நாற்றுகள் மஞ்சளாகிச் சரிந்தன.

மனைவி தவமணி அவற்றின் முன்னால் போய்க் குந்தினாள்.

"போகட்டும் விடு. இனியாவது உவன் உருப்படுவான்," என்றார்.

"உது நான் கேட்டு அவன் நட்டது. எனக்குக் கான்சராம். நோவுக்கு உதவுமெண்டு... உங்களுக்குச் சொல்லத்தான் பயமா இருந்தது."

அவரும் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"எவ்விடத்தில நோகுது?" என்று மட்டும் கேட்டார்.